சோதனை எண் நாற்பத்தேழு

1

இந்தக் கதை ஒரு பழுதறிக்கையிலிருந்து வந்தது. கொஞ்சம் கௌரவமான பிறப்பிடம் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஜன்னலோர மழை, பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு முகம், இப்படி ஏதாவது. அப்படியெல்லாம் எதுவும் இல்லை. எங்கள் அலுவலகப் பழுதறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஐந்நூறு எழுத்துக்கு மேல் தாங்காது. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். ஐந்நூறு வந்ததும் கட்டம் சிவந்துபோய், அதற்கு மேல் ஒரு முற்றுப்புள்ளி வைக்கக்கூட விடவில்லை. சொல்ல வந்ததில் கால்வாசிகூட முடியவில்லை. மிச்சத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். ஏழு வருடமாக அவள் என்னிடம் பேசவில்லை. அவளிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கதை அந்தக் கேள்வியைப் பற்றியது. நடுவில் சர்வர், சாஃப்ட்வேர் என்று நான் எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

2

ஆரம்பங்கள் நான்கு எழுதினேன்.

முதலாவது: 'தொலைபேசி என்பது மனிதன் தூரத்தோடு செய்துகொண்ட' 

இதற்கு மேல் போகவில்லை. என்ன செய்துகொண்டான்? உடன்படிக்கையா, சமரசமா, சண்டையா? மேடைப் பேச்சு வாடை வந்தது. கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: 'அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எதிர்முனையில் அவனுடைய முன்னாள் மனைவி இருந்தாள்.'

இதை என் மனைவி படித்தாள். அவள்தான் என் முதல் வாசகி. பல சமயம் கடைசி வாசகியும் அவள்தான்.

"யாருங்க இந்த முன்னாள் மனைவி?"

"கற்பனை."

"அப்ப நான் யாரு, இந்நாள் கற்பனையா?"

"கதைக்கு அப்படி இருந்தா சுவாரசியமா இருக்கும்னு..."

"தங்கச்சின்னு எழுதக் கை வரல. அதச் சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தாளை டீ டம்ளருக்கு அடியில் வைத்தாள். அதோடு முன்னாள் மனைவி ஈரமாகி ஒழிந்தாள்.

மூன்றாவது ஆரம்பம் முழுக்கத் தொழில்நுட்பம். இரண்டாவது வரியில் மனைவி கொட்டாவி விட்டாள். மூன்றாவது வரியில் எனக்கே வந்தது.

நான்காவதைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள்.

3

இப்போது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேலை என்னவென்று சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன், சத்தியமாக.

நீங்கள் யாரையாவது போனில் கூப்பிட்டால், உங்களையும் அவரையும் சேர்த்து வைக்க நடுவில் ஒன்று வேண்டும். முன்பெல்லாம் அது ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு வேலை. இணைக்க ஒன்று, விட்டுச் செல்லும் குரலைச் சேமிக்க ஒன்று. இப்போது பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். பெட்டி செய்த வேலையை மட்டும் தனியாகப் பிரித்து, சாஃப்ட்வேராக எழுதி, ஒரு கூடம் நிறைய இருக்கும் சாதாரண சர்வர்களில் ஓட விடுகிறார்கள். முன்பு அந்த வேலை சொந்த வீட்டில் இருந்தது. இப்போது வாடகைக்குக் குடியிருக்கிறது. வீட்டுக்காரர் எந்த அறைக்கு மாறச் சொன்னாலும் வாயைத் திறக்காமல் மாறிக்கொள்ள வேண்டும். இதற்குத் தமிழில் 'மெய்நிகர் பிணையச் செயற்கூறு' என்று பெயர். (இந்தப் பெயரை இந்தக் கதையில் இனி உச்சரிக்க மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் வி.என்.எஃப். என்போம். அவசரத்தில் 'அது' என்போம். 'அது எந்திரிச்சுதா?' 'எந்திரிச்சு மறுபடி படுத்துடுச்சு சார்.')

தொலைபேசி நிறுவனங்களின் கூடத்தில் 'அதை'க் கொண்டுபோய்க் குடிவைத்து, ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

எப்போதும் இரண்டு பிரதிகளை ஓட விடுவோம். ஒன்று வேலை செய்யும். இன்னொன்று சும்மா இருப்பதுபோல இருந்தாலும், யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நொடிக்கு நொடி தெரிந்து வைத்திருக்கும். முதலாவது செத்தால் இரண்டாவது அந்த நொடியே ஏற்றுக்கொள்ளும். பேசுகிறவர்களுக்குத் தெரியவே கூடாது. இதற்கு ஒரே நிபந்தனைதான்: இரண்டு பிரதிகளும் ஒரே சர்வரில் இருக்கக் கூடாது. இருந்தால் அந்த ஒரு சர்வர் போகும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். 'சேர்ந்து இருக்காதே' என்று நிறுவல் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி.

இது நிஜமாகவே நடக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை எண் நாற்பத்தேழு. இரண்டு மனிதர்கள் ஒரு மணி நேரம் ஒரே அழைப்பில் இருக்க வேண்டும். நடுவில் ஏதோ ஒரு நிமிடத்தில் ஒரு சர்வரை அணைப்பார்கள். எப்போது என்பதைப் பேசுகிறவர்களிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் காது அந்த நேரத்துக்கு இல்லாத சத்தத்தையெல்லாம் கேட்கும். முக்கியமாக, இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசாமல் இருந்தால் அழைப்பு அறுந்ததா, ஆள் அமைதியாக இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்?

ஆகவே எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் அர்த்தமில்லாமல் பேசத் தெரியும்.* 

* ஒருவர் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பித்தார். எதிர்முனையில் இருந்தவர் நடுவில் ஒரு தப்பைத் திருத்தப்போய், சோதனை முடிந்த பிறகும் இருவரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

4

இனி தங்கை.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அவளை எழுத எனக்கு என்ன உரிமை? கதாபாத்திரம் என்றால் நான் சொன்னபடி நடக்கும். இவள் பால்குடி மறந்த நாளிலிருந்தே நான் சொன்னபடி நடந்ததில்லை. அவளுக்கு வைக்கும் ஒவ்வொரு வசனமும் 'நான் இப்படியா பேசுவேன்?' என்று என்னை முறைக்கிறது. அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவள் நிஜமாகச் சொன்னதை மட்டும்தான் மேற்கோள் குறிக்குள் போடுவேன். சொல்லாததை எழுதினால் அது பொய்யென்று சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன்.

அவள் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். அந்த நிறுவனத்துக்கு எங்கள் சாஃப்ட்வேரை நிறுவும் வேலை தற்செயலாக எனக்கு

(இந்த வாக்கியத்தில் 'தற்செயலாக'வின் மேல் மனைவி பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, 'கெஞ்சி வாங்குனீங்க' என்று எழுதியிருக்கிறாள்.)

சரி. கெஞ்சித்தான் வாங்கினேன். வேறு ஆளுக்குப் போகவிருந்த வேலை. மேலாளரின் அறை வாசலில் இரண்டு நாள் நின்றேன். அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. வேறு எந்தக் காரணமும் இல்லை. ஏழு வருடம் ஒரு குரல் இல்லாமல் இருந்து பாருங்கள். என்னென்ன பொய்க் காரணம் சொல்லிக்கொண்டு அதன் பக்கத்தில் போவீர்கள் என்று தெரியும்.

சோதனைப் பட்டியல் வந்தது. நாற்பத்தேழுக்கு எதிரே, அழைப்பவர் கட்டத்தில் என் பெயர். பெறுபவர் கட்டத்தில் என்னுடைய அதே முன்னெழுத்தோடு அவள் பெயர். அந்தப் பட்டியலைப் போடுவது அவள் பிரிவுதான். மாற்ற நினைத்திருந்தால் அரை நிமிட வேலை. மாற்றவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. அம்மா மருத்துவமனையில் இருந்தாள். பேச்சு நின்று நான்கு நாள். கண் திறக்கிறாள், காது கேட்கிறது, அவ்வளவுதான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கூட இருந்தது தங்கை மட்டும். நான் வேறொரு ஊரில், ஒரு வாடிக்கையாளரின் மீட்டிங் அறையில் பதினோரு பேரோடு இருந்தேன். போன் வந்தது. 

"அண்ணா, அம்மா கண்ணு தொறந்திருக்காங்க. காதுகிட்ட போன வைக்கிறேன். ஏதாவது பேசு."

பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. வெட்கம்தான். வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். அப்புறமா கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுந்து வெளியே போயிருக்கலாம். கதவு மூன்றடி தூரத்தில்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை என்னைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னாள்: "நீ சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சு." அதற்குப் பிறகு ஏழு வருடம் பேசவில்லை.

கேட்டதும் அம்மா என்ன செய்தாள்? அந்த அறையில் இருந்தது தங்கை ஒருத்திதான். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என் கேள்வி அதுதான்.

5

அழைப்பு. காலை பதினொன்று மூன்று.

"சோதனை எண் நாப்பத்தேழு. அழைப்பு வந்துடுச்சு. குரல் தெளிவா இருக்கா சார்?"

சார்! அடிப் பாவி. ஆனால் குரல் அவள் குரல். கொஞ்சம் தடித்திருக்கிறது, கொஞ்சம் களைத்திருக்கிறது.

"தெளிவா இருக்கு" என்றேன்.

"எதிரொலி ஏதாவது?"

"இல்ல."

"சரி. நான் வாசிக்கிறேன்."

அவள் எதிரே சுவரில் ஒட்டியிருந்ததை வாசித்தாள். தீ விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை. "லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. பதற்றமின்றிப் படிக்கட்டு வழியாக இறங்கவும். உடைமைகளை எடுக்கத் திரும்பிச் செல்லக் கூடாது." நான் என் பக்கத்தில் இருந்த பிரிண்டரின் மேல் ஒட்டியிருந்ததை வாசித்தேன். "தாள் சிக்கிக்கொண்டால் பின்பக்கக் கதவைத் திறக்கவும். பலமாக இழுக்க வேண்டாம்." இப்படியே பன்னிரண்டு நிமிடம். அவள் தீயை மூன்று தடவை அணைத்தாள். நான் தாளை நான்கு தடவை எடுத்தேன்.

பதினைந்தாவது நிமிடத்தில் அவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு.

"இன்னொண்ணு இருக்கே" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூன்றாவது தும்மலும் வந்தது. பிறகு ஒரு சத்தம். சிரிப்பை மூக்கோடு அடக்கினால் வரும் சத்தம். அதற்குப் பிறகு 'சார்' காணாமல் போனது. அந்த இடத்தில் 'அண்ணா' வரவில்லை. ஒன்றும் இல்லாமல் மொட்டையாகப் பேசினோம்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. யாராவது பாத்தா கையால வாயப் பொத்திக்கிறா."

"என்ன வயசாகுது இப்ப?"

சொந்த மருமகளின் வயதைக் கேட்கிற மாமன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆறு."

"என்னைத் தெரியுமா அவளுக்கு?"

"தெரியும். போட்டோ மாமான்னு சொல்லுவா."

நான் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. எதிர்முனையிலும் பேச்சில்லை.

"பேசு. பேசாம இருந்தா சோதனை செல்லாது" என்றாள்.

"என்ன பேச?"

"தலையில முடி இருக்கா?"

"போயிடுச்சு."

"அப்பா மாதிரியா?"

"அப்பாவுக்கே தேவலாம்."

இந்தத் தடவை அவள் சிரிப்பை அடக்கவில்லை. (இந்த இடத்தில் அந்தச் சிரிப்பை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு மட்டும் வேண்டிய பத்தி அது.)

நாற்பத்தோராவது நிமிடம் என்று பதிவில் இருக்கிறது. எனக்கு அப்போது தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"அன்னைக்கு" என்று ஆரம்பித்தேன்.

அவள் 'என்னைக்கு' என்று கேட்கவில்லை.

"அப்புறமா கூப்பிடறேன்னு சொன்னேன்ல அம்மாகிட்ட. அதக் கேட்டதும் அம்மா என்ன பண்ணாங்க?"

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் மூச்சு கேட்டது. எதிரொலி இல்லாத, தெளிவான மூச்சு. அந்த அளவுக்கு என் சாஃப்ட்வேர் நன்றாகத்தான் வேலை செய்தது.

"இத நீ எப்பக் கேப்பேன்னு ஏழு வருஷமா உக்காந்திருந்தேன், தெரியுமா?"

"தெரியாது."

"சாரின்னு மெசேஜ் போட்ட. பொறந்த நாளுக்கு மெசேஜ் போட்ட. ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் தூது சொல்லி அனுப்புன. இத மட்டும் கேக்கல."

"பயமா இருந்துச்சு."

"ம். சரி, சொல்றேன். நடுவுல எதுவும் பேசக் கூடாது. நான் முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது. சரியா?"

"சரி."

"அம்மா

6

அவ்வளவுதான் கேட்டது. மேற்கோள் குறியை நான் மூடாமல் விட்டது அச்சுப்பிழை இல்லை.

மூன்று நொடி காத்திருந்தேன். பேசாதே என்றாளே, அழுகிறாள் போல என்று நினைத்தேன். ஆனால் அழுகிறவர்களின் முனையில் அறையின் சத்தம் இருக்கும். இதில் எதுவுமே இல்லை. இந்த மௌனத்தை எனக்குத் தெரியும். இருபது வருடமாக இதைத் துரத்திப் பிடிப்பதுதான் என் சம்பளம். "ஹலோ" என்றேன். "ஹலோ, சொல்லு. ஹலோ." கத்தியிருக்கிறேன் போல. அடுத்த மேசைக்காரர் எழுந்து பார்த்தார்.

மேசை மேல் இருந்த இன்னொரு போனில் ஒருவர் வந்தார். சர்வர் கூடத்தில் இருப்பவர். எதையும் அவசரமில்லாமல் சொல்வார் என்பதால் நாங்கள் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

"சார், வணக்கம். நான் ஒரு சர்வர அணைச்சேன்."

"சொல்லுங்க."

"ரெண்டு பிரதியும் போயிடுச்சு சார்."

"எப்படிப் போகும்? ரெண்டும் தனித்தனி சர்வர்ல இருக்கணுமே!"

"இருந்துச்சு சார். காலைல ஒரு சர்வர ரிப்பேருக்கு எடுத்தோம். அதுல இருந்தது இடம் மாறி, இன்னொண்ணு இருந்த சர்வருக்கே வந்து உக்காந்துடுச்சு. உங்க கோப்ப இப்பதான் தொறந்து பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "விதி இருக்கு சார். ஆனா 'முடிந்தால்'னு இருக்கு. 'கட்டாயம்'னு இல்ல."

அந்த வரியை எழுதியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. எங்கள் அலுவலகச் சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது. 'இரண்டும் கட்டாயம் தனித்தனியே' என்று எழுதினால், அங்கே இரண்டாவது பிரதி எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் அங்கே பழகும்போது எல்லோரும் 'முடிந்தால்' என்று மாற்றி வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரிடம் போவதற்கு முன்னால் மறக்காமல் 'கட்டாயம்' என்று திருத்த வேண்டும். நான் மறந்துவிட்டேன். அவள் பெயரைப் பட்டியலில் பார்த்த நாளிலிருந்து எனக்கு எதுவும் நினைவில் நிற்கவில்லை.

(வாசகருக்கு: இதில் உருவகம் தேட ஆரம்பித்திருப்பீர்கள். தேடாதீர்கள். நிஜமாகவே அந்தக் கோப்பில் அப்படித்தான் இருந்தது. நான் உருவகம் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நாசூக்காக வைத்திருப்பேன்.)

அவளுடைய சொந்த எண்ணுக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

7

இரண்டு நாள் எந்தச் செய்தியும் இல்லை. அந்த இரண்டு நாளில்தான் இதைக் கதையாக எழுதி முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் அறுந்ததைக் கதையில் ஒட்டிக்கொள்வது எழுதுகிறவர்களின் பழைய தில்லுமுல்லு. மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றும் பொய். சொல்லிவிட்டேன்.

முதல் முடிவில் அழைப்பு அறுபடவில்லை. தங்கை சொல்கிறாள்: அம்மா சிரிச்சாங்க. இவனுக்கு எப்பவும் வேலைதான்னு கண்ணாலயே சொன்னாங்க. இதை எழுதிவிட்டு ஒரு பாடு அழுதேன். மனைவியிடம் கொடுத்தேன். அவளும் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்குங்க. ஆனா உங்க வசதிக்கு அம்மாவச் சிரிக்க வெச்சிருக்கீங்க" என்றாள்.

இரண்டாவது முடிவில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்வதுபோல எழுதினேன். இதிலாவது நேர்மை இருக்கிறது என்று நினைத்தேன். மனைவி படித்துவிட்டு, "இதுவும் உங்க வசதிதான்" என்றாள்.

"இதுல என்ன வசதி?"

"கோவிச்சுக்கிட்டாங்கன்னா கணக்கு முடிஞ்சுடும்ல. தண்டனை வாங்கியாச்சுன்னு நீங்க பாட்டுக்குத் தூங்கலாம்."

இவளைக் கட்டிக்கொண்டு எழுத்தாளனாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

மூன்றாவது முடிவு: 'அப்புறமா கூப்பிடறேன்னு சொன்னான்லன்னு, அம்மா அன்னைக்குப் பூரா அந்தப் போனையே

இதை என்னால் முடிக்க முடியவில்லை. மற்ற இரண்டும் பொய் என்று எனக்குத் தெரியும். இது பொய்யா என்று தெரியவில்லை.

8

உங்களிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள்தான் அது என் கைக்கு வந்தது. ஆனால் அது இருக்க வேண்டும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் முடிவுகளைப் புனைந்துகொண்டிருந்தேன்.

சோதனை அழைப்புகளில் இரண்டு முனையிலும் போகிற குரலையும் வருகிற குரலையும் கோப்பாகப் பிடித்து வைப்போம். எங்கே அறுந்தது என்று பிறகு பார்ப்பதற்காக. நடுவில் சர்வர் சாகும்போது என் காதில் சத்தம் உடனே நின்றுவிடும். ஆனால் அவளுடைய போனுக்கு அது உடனே தெரியாது. பதில் வரும், வரும் என்று காத்துக்கொண்டு, அவள் பேசுவதை அனுப்பிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு விநாடி பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

அதாவது, அவள் பேசியிருக்கிறாள். நடுவில் பேசாதே என்று அவள்தான் சொல்லியிருந்தாள். என் பக்கத்து அமைதியை, அவள் சொன்ன பேச்சைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இருபத்திரண்டு விநாடியில் சொல்லி முடித்திருக்கிறாள். அது என்னிடம் வந்து சேரவில்லை. வேறு யாரிடமும் போய்ச் சேரவில்லை. அவள் முனையின் கோப்பில் மட்டும் இருக்கிறது.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: சோதனை எண் 47, தோல்வி, ஆதாரம். இப்படிப்பட்ட அஞ்சல்கள் வழக்கமாகப் பதினான்கு பேருக்குப் போகும். இது எனக்கு மட்டும் வந்திருந்தது. உள்ளே ஒரே வரி: 'பெறுபவர் பக்கக் கோப்பு இணைக்கப்பட்டுள்ளது.'

ஒலியை மூடி வைத்துவிட்டு, கோப்பைப் படமாக மட்டும் திறந்தேன். குரல் ஏறி இறங்கும் கோடுகள். என் குரல் நின்ற இடத்துக்குப் பிறகு அவளுடைய கோடு தனியாகப் போகிறது. சின்னதாக இரண்டு மேடு. நான்கு விநாடிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு நீளமாக, தாழ்வாக ஒன்று. கடைசியில் திடீரென்று உயரமாக ஒன்று. 'அண்ணா' என்றா, 'ஹலோ' என்றா, அழுகையா? வெறும் கோட்டைப் பார்த்து அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கடைசி நாள் அந்தக் கோட்டில் இருக்கிறது. ஒலிக்கவிட 'ஓட்டு' என்று ஒரு பொத்தான். அதை மட்டும் அழுத்தவில்லை.

அவளுக்கு அடித்தேன். இந்தத் தடவை எடுத்தாள்.

"கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீயே சொல்லு. நேர்ல சொல்லு. இப்பவே கெளம்பி வரேன்."

பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. பல் இல்லாத பாட்டு. அவள் ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பாட்டு நின்றது.

"அண்ணா" என்றாள்.

ஏழு வருடத்துக்குப் பிறகு.

"அத என்னால ஒரு தடவதான் சொல்ல முடியும். சொல்லிட்டேன்."

"எனக்குக் கேக்கலயே."

"நீ கேட்டுக்கிட்டிருக்கேன்னு நெனச்சுத்தான் சொன்னேன். இன்னொரு தடவ சொன்னா அது வேற மாதிரி வந்துடும். உன் மனசு நோகக் கூடாதுன்னு எதையாவது சேத்துடுவேன். இல்ல, நோகணும்னு சேத்துடுவேன். அதுல இருக்கிறதுதான் நெசம்."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருந்துச்சு. அந்த ரூம்ல நான் மட்டும்தானே இருந்தேன்."

அந்த அறையில் அவள் தனியாக இருந்தாள் என்பதை நான் ஏழு வருடமாக ஒரு தகவலாக மட்டும்தான் வைத்திருந்தேன். சாட்சி ஒருத்திதான் என்று எண்ணினேனே தவிர, அவளும் அம்மாவின் பிள்ளைதானே, அவளுக்கு அன்றைக்கு யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. 

"நான் வந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா. வந்திருக்கணும்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "கேட்டுட்டுக் கூப்பிடு. எப்ப வேணா கூப்பிடு. எடுப்பேன்."

வைத்துவிட்டாள்.

9

வழக்கப்படி இங்கே நான் உங்களிடம் முடிவை ஒப்படைக்க வேண்டும். ஏழாம் பகுதியில் மூன்று கிடக்கின்றன. எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிக்காமல் விட்டதை முடித்துக்கொண்டாலும் சரி. நான் வந்து சரிபார்க்க மாட்டேன்.

பழுதறிக்கையை அனுப்பியாயிற்று. காரணம்: நிறுவல் கோப்பில் பிழை. பொறுப்பு: என் பெயர். விதி 'கட்டாயம்' என்று திருத்தப்பட்டது. எழுத்துகள் நூற்றுச் சொச்சம்தான் ஆயின, கட்டம் சிவக்கவில்லை. மறு சோதனை அடுத்த வாரம்.

இப்போது மதியம் மூன்று மணி. மனைவி இதுவரை எழுதியதைப் படித்துவிட்டாள். இந்தத் தடவை பென்சிலை எடுக்கவில்லை. "நான் கடைக்குப் போயிட்டு வரேன். ரெண்டு மணி நேரமாவது ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். 

ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டேன். கோடு திரையில் இருக்கிறது. அம்மா என்ற சொல் முடிகிற இடத்தில் குறியை வைத்திருக்கிறேன்.

நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள். ஒன்பது பகுதியாக என் கூடவே வந்தீர்கள், கொட்டாவி வந்த இடத்தில்கூட எழுந்து போகவில்லை. என்ன இருக்கிறது அதில் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கும் ஆசை இருக்கும். நியாயம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் அம்மாவிடம் பேச முடியாது. கொஞ்சம் வெளியே போங்கள்.